புத்தளத்துக்கு எழுதப்படாத சட்டம்

1766 பெப்ரவரியில் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் ஒல்லாந்தக் கம்பனியோடு உடன்படிக்கை செய்தபோது, கைமெல் தொடங்கி யாழ்ப்பாணப்பட்டின எல்லை வரையான மேற்குக் கடலோரம் கம்பனியின் கைக்குப் போனது. கரையிலிருந்து ஒரு சிங்கள மைல் உள்ளே வரைதான். இன்றைய புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் ஏறக்குறைய முழுவதும் அந்தத் துண்டுக்குள் அடங்கும். களப்பின் மறுகரையில் கற்பிட்டியில் கம்பனி அதற்கு நூறு ஆண்டு முன்பே கோட்டை கட்டி அமர்ந்துவிட்டது. புத்தளமோ அதுவரை கண்டியின் துறை. அடுத்த முப்பது ஆண்டில் ஆங்கிலேயரும் வந்து சேர்ந்தார்கள். ஒரே களப்பின் இரு கரையில் வாழ்ந்தவர்கள் எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற கேள்விக்கு 1799க்கும் 1833க்கும் இடையில் பிறந்த சில பிரகடனங்களும் சாசனங்களும்தான் பதில் சொல்லின. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் படித்தால், ஒரு வழமையின் பழமையோ மக்களிடம் அதற்கிருந்த வேரோ அதைக் காப்பாற்றவில்லை என்று தெரிகிறது. அரசு எதை முதலில் எழுதிச் சட்டமாக்கியதோ அதுவே பிழைத்தது.

எழுதப்படாமல் போனது என்ன என்பதைச் சொல்ல நமக்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறார். 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கைக் குடியியற் சேவைக்குள் நுழைந்த முதல் தமிழர். பின்னாளில் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகவும் இருந்தவர். புதிய நீதிமன்ற அமைப்பின் ஆசனத்தில் அமர்ந்த அவரேதான் பழைய அமைப்பின் நினைவையும் எழுதி வைத்தார். புத்தளத்தில் முக்குவச் சமூகத் தலைவர்களுக்கு முத்திரைக்கூடம் என்றொரு மன்றம் இருந்ததையும், அதில் பதினெட்டுப் பேர் அமர்ந்ததையும், அவர்களில் பன்னிருவர் வன்னியர் பட்டம் தாங்கியதையும் அவர் வழியாகவே அறிகிறோம். கண்டி அரசின் மேலாண்மைக்கு உட்பட்டு, ஊர் வழக்குகளை ஊரவரே கேட்டுத் தீர்த்த மன்றம் அது.

1799 செப்டம்பர் 23இல் ஆளுநர் பிரடெரிக் நோர்த் வெளியிட்ட பிரகடனம், ஒல்லாந்தர் காலத்தில் நிலவிய சட்டங்களின்படியே நீதி வழங்கப்படும் என்று வாக்களித்தது. 1801 சாசனம் உயர் நீதிமன்றத்தை நிறுவியது. அதன்பின் 1806 என்ற ஒரே ஆண்டில் இரண்டு ஒழுங்குவிதிகள் வந்தன. ஒன்று கொழும்பு மாகாணச் சோனகரின் திருமண, வாரிசுரிமை வழமைகளைச் சட்டமாக்கியது. மற்றது யாழ்ப்பாண மாகாணத் தமிழரின் தேசவழமைக்குச் சட்ட வலு தந்தது. தேசவழமை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸால் நூறு ஆண்டுக்கு முன்பே தொகுக்கப்பட்டு ஆயத்தமாக இருந்தது. புத்தளத் தமிழருக்கு அப்படியொரு சட்டம் வரவில்லை. பிறகு 1833 நீதிச் சாசனம், சார்ள்ஸ் ஹே கெமரன் முந்தின ஆண்டு தந்த அறிக்கையைத் தழுவி, கரைநாட்டுக்கும் கண்டி நாட்டுக்கும் தனித்தனியாக இருந்த நீதிமன்றங்களைக் கலைத்து, தீவு முழுவதற்கும் மாவட்ட நீதிமன்றம், அதன்மேல் உயர் நீதிமன்றம் என்று ஒரே ஏணியை நிறுத்தியது. மாவட்ட நீதிபதியோடு உள்ளூர்ப் பெரியவர் மூவர் அமர்வார்கள். தங்கள் கருத்தை மன்றில் சொல்வார்கள். கருத்து வேறுபட்டால் நீதிபதியின் சொல்லே தீர்ப்பு. பதினெட்டுப் பேர் கூடித் தீர்த்த ஊரில், வழமை அறிந்தவருக்கு மிஞ்சியது யோசனை சொல்லும் இடம் மட்டுமே.

அமெரிக்கா 1789இல் இயற்றிய நீதித்துறைச் சட்டமும் இதே உருவத்தில்தான் இருக்கிறது: கீழே பதின்மூன்று மாவட்ட நீதிமன்றங்கள், மேலே உச்ச நீதிமன்றம், நடுவே ஊர் ஊராகச் சுற்றி வழக்குக் கேட்கும் நீதிபதிகள். ஆனால் அந்தச் சட்டம் மாநிலங்களின் நீதிமன்றங்களை அவற்றின் இடத்திலேயே விட்டது. கூட்டரசு நீதிமன்றமும் உரிய வழக்குகளில் மாநிலச் சட்டத்தைப் பின்பற்ற வேண்டும் என்றது. இலங்கைச் சாசனம் மன்றங்களை ஒன்றாக்கிவிட்டு, சட்டங்களை மட்டும் பலவாக விட்டது. அப்படி விடப்பட்ட பலவற்றில் புத்தளத்தின் வழமைக்குப் பெயர் இல்லை.

முத்திரைக்கூடம் ஒரு சமூகத்துத் தலைவர்களின் மன்றம்தானே, பிறப்பால் வந்த அதிகாரத்தின் முன் எளியவன் நியாயம் பெற்றிருப்பானா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லாரும் ஒரே நீதிபதியின் முன் நிற்கலாம் என்பது 1833 தந்த பெரிய பேறு. கெமரன் அதை மனதார நம்பினார். ஆனால் மன்றத்தைக் கலைப்பது வேறு, அது காத்த வாரிசுரிமை வழமையைக் கைவிடுவது வேறு. முதலாவதற்கு இரண்டாவது தேவைப்படவில்லை என்பதற்குச் சோனகர் சட்டமே சான்று: 1852இல் தீவு முழுவதற்கும் விரிக்கப்பட்ட அது, அதே மாவட்ட நீதிமன்றங்களில்தான் நடைமுறையானது. ஊர் மன்றமே கூடாது என்ற கொள்கையையும் ஆட்சி நெடுநாள் பிடித்து வைக்கவில்லை. 1871இல் கிராமச் சமூகங்கள் கட்டளைச் சட்டத்தின் வழியாகக் கிராம நியாய மன்றங்களை அரசே அமைக்க நேர்ந்தது.

புத்தளத்து வழமை தானாகவே தேய்ந்திருக்கும், முக்குவரில் பலர் இஸ்லாத்துக்கும் கத்தோலிக்கத்துக்கும் மாறிவிட்டார்களே என்பது இன்னொரு மறுப்பு. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. மதம் மாறியதோடு வாரிசுரிமையும் மாறிய குடும்பங்கள் இருந்திருக்கும். ஆனால் மட்டக்களப்பைப் பாருங்கள். அங்கே முக்குவர் தொகை பெரிது; தாய்வழி வாரிசுரிமை உயிரோடு இருந்தது; மாவட்ட நீதிமன்றம் அதை ஏற்று வழக்குத் தீர்த்தது; கிறிஸ்தோபர் பிரிட்டோ அதைப் பற்றி 1876இல் நூலே வெளியிட்டார். அதே 1876இல் வந்த 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் யாரையெல்லாம் விலக்கி வைத்தது? கண்டியரை, முஸ்லிம்களை, தேசவழமைக்கு உட்பட்ட வடமாகாணத் தமிழரை. கண்டியருக்கு 1815 கண்டி உடன்படிக்கையின் காப்பு இருந்தது. மற்ற இருவருக்கும் 1806 எழுத்து இருந்தது. வழக்காற்றில் உறுதியாக நின்ற மட்டக்களப்பு முக்குவச் சட்டத்துக்கே அந்த விலக்கில் இடம் கிடைக்கவில்லை என்றால், புத்தளத்தின் வழமை மதமாற்றத்தால் மட்டும் அழிந்தது என்று சொல்ல முடியாது. அதனால் இன்று புத்தளத்தில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்தவர் தம் தேசவழமையைக் கூடவே கொண்டு வருகிறார், முஸ்லிம் குடும்பத்தின் திருமண வழக்கு காதி நீதிமன்றத்துக்குப் போகிறது, தலைமுறைகளாக அந்தக் கரையிலேயே வாழும் தமிழரின் சொத்தோ பொதுச் சட்டப்படி பங்கிடப்படுகிறது.