நஷ்டஈடு கேட்டால் வேலை போகுமா?



பாலக்கோட்டில் எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். ஓசூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் பிரஸ் மெஷினில் மாட்டி அவருக்கு இரண்டு விரல் நசுங்கிவிட்டது. ஆஸ்பத்திரி செலவை முதலாளி கொடுத்தார். அத்தோடு சரி.

"நஷ்டஈடு ஏன் கேட்கலை அண்ணா?" என்றேன்.

"கேட்டா மறுநாள் உள்ளே விடுவாங்களா தம்பி?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில் கிடைத்த சரித்திரம்தான் இந்தப் பதிவு.

ஓசூர் இன்று கிருஷ்ணகிரி மாவட்டம். ஆனால் 1965-ல் சேலத்திலிருந்து தர்மபுரி பிரிந்தது முதல் 2004 வரை அது நம் மாவட்டம்தான். 1970களில் அங்கே சிப்காட் வந்தது. நம் ஊர்க்காரர்கள் மண்வெட்டியை வைத்துவிட்டு மெஷினைப் பிடித்தது அப்போதுதான்.

சட்டமோ அதற்கும் முந்தையது. வெள்ளைக்காரன் காலத்தில், 1923-லேயே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது. வேலையில் அடிபட்டால் முதலாளி பணம் தர வேண்டும். 'உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்' என்று எழுதி வாங்கினாலும் செல்லாது. நல்ல சட்டம்தான். ஆனால் பணம் கேட்டவனை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்று அதில் ஒரு வரி கூட இல்லை!

அந்த ஓட்டையைப் பாதி அடைத்தது 1948-ன் இ.எஸ்.ஐ. சட்டம். நோய்க்கோ காயத்துக்கோ உதவித்தொகை வாங்கும் நாட்களில் ஒருவரை வேலைநீக்கம் செய்யவோ தண்டிக்கவோ கூடாது என்றது அதன் 73-வது பிரிவு.

சரி, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. சென்னை பின்னி ஆலையின் (பக்கிங்காம் கர்நாடிக் மில்) நிலையாணையில் ஒரு விதி இருந்தது. விடுப்பு இல்லாமல் தொடர்ந்து எட்டு வேலை நாள் வராவிட்டால், தொழிலாளி தானாகவே வேலையை விட்டதாக அர்த்தம். உடம்பு சரியில்லாமல் வராமல் இருந்த ஒருவர் மருத்துவச் சான்றோடு திரும்பி வந்தார். வேலை இல்லை என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1963-ல் தீர்ப்பு ஆலைக்குச் சாதகம். நிர்வாகம் நீக்கவில்லை, விதிப்படி தானாக முடிந்தது, ஆகவே 73-வது பிரிவு பொருந்தாது என்றது நீதிமன்றம். முப்பது வருடம் கழித்து, 1993-ல் வேறொரு வழக்கில்தான், விளக்கம் கேட்காமல் இப்படிப் பெயரை அடிப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்று அதே நீதிமன்றம் சொன்னது.

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஒரு பெண் தொழிலாளிக்குக் கையில் அடிபட்டது. வேலை போகுமோ என்று பயந்து முதலில் அவர் எதுவும் கேட்கவில்லை. பிறகு நஷ்டஈடு வாங்கினார். ஒரு மாதத்தில் வேலை போனது! இப்படிப் பழிவாங்கினால் வழக்குப் போடலாம் என்று 1973-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பயம் இருந்தால் சட்டம் இருந்தும் பிரயோஜனமில்லை என்பதுதான் அதன் சாரம்.

2025 நவம்பரில் நம் பழைய சட்டங்கள் இரண்டும் போய், அவற்றின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்தது. ஆனால் எங்கள் அண்ணன் காண்ட்ராக்ட் தொழிலாளி. அவரை யாரும் 'நீக்க' வேண்டியதே இல்லை. நாளைக்கு மேஸ்திரி போன் பண்ணாவிட்டால் போதும்.

அவருடைய கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நண்பர்களே, உங்கள் வீட்டில் யாராவது கேட்டிருக்கிறார்களா? கேட்ட பிறகு என்ன நடந்தது?