பீரோ கேசட்டும் கட்டம் கட்டமான தாலியும்

தருமபுரி, பாலக்கோடு, அரூர்னு எங்க பக்கம் தொண்ணூறுகளில் வீடியோ எடுத்த கல்யாணங்கள் பெரும்பாலும் விஎச்எஸ் கேசட்டில்தான் இருக்கு. 1976ல ஜப்பானின் ஜேவிசி கம்பெனி கொண்டுவந்த சமாச்சாரம். அனலாக். கேசட்டிலிருந்து கேசட்டுக்கு காப்பி போடப் போட கலர் வழியும், படம் கலங்கும். ஆனாலும் முகம் முகமாத்தான் இருந்தது.

அடி விழுந்தது விசிடியில. 1993ல வந்த வடிவம். 352க்கு 288 புள்ளி, படத்துக்கு வினாடிக்கு 1150 கிலோபிட், அவ்ளோதான். எம்பெக்-1 படத்தைச் சின்னச் சின்னக் கட்டமா நறுக்கி, பெரும்பாலும் முந்தின படத்திலிருந்து மாறினதை மட்டும் எழுதி வைக்கும். மேடையில சும்மா நிக்கிற மாமாவுக்கு இது போதும். தாலி கட்டும்போது? நூறு கை அட்சதை வீசுது, ஒவ்வொரு அரிசியும் ஒரு திசையில பறக்குது, ஓமப்புகை, போட்டோ பிளாஷ் வேற. எல்லாமே மாறுது, ஒதுக்கீடு மட்டும் அதே 1150. கோடெக் பாவம் என்ன பண்ணும், நுணுக்கத்தைத் தூக்கிக் கடாசிடும். எங்க அப்பா அம்மா கல்யாண விசிடியில கெட்டிமேளம் கணீர்னு கேக்கும். அப்பா முகம் பத்துப் பன்னிரண்டு சதுரம் :-)

அப்புறம் டிவிடி. எங்களுக்குப் போட்டுக்குடுத்த கடையில கேசட்டைக் கேக்கவே இல்லை. அந்த விசிடியையே 720க்கு 576 ஆக்கிட்டாங்க. குடம் பெருசு, தண்ணி அதே அரைப்படி. யூடியூபில் ஏத்தினா அது தன் பங்குக்கு மறுபடி சுருக்கும்.

இத்தனைக்கும் மருந்து அப்பவே இருந்தது. ஏவரி லீ எழுதின வர்ச்சுவல்டப்பில் 'டைரக்ட் ஸ்ட்ரீம் காப்பி' போட்டா, மறுபடி சுருக்காம வெட்டி ஒட்டலாம் (கீஃபிரேம்ல வெட்டணும், அது ஒண்ணுதான் கெடுபிடி). 2000ல ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கின எஃப்எஃப்எம்பெக்கிலும் அந்த வசதி உண்டு. அதில் 'சேம்-கியூ'ன்னு ஒரு ஆப்ஷன் இருந்துச்சு. 'அதே குவாலிட்டி'ன்னு ஊரே நம்பிச்சு. உண்மையில அது 'அதே குவான்டைசர்'. குழப்பம் தாங்காம பின்னாடி தூக்கிட்டாங்க!

எங்க மாவட்டம் நடுகல்லுக்குப் பேர் போனது. மைப்படி எடுக்கணும்னா கல்லுகிட்டதான் போகணும், பழைய மைப்படி மேல தாளை ஒட்டி எடுக்க முடியாது. வீடியோவும் அப்படித்தான். கேசட்டிலிருந்து நேரா, ஒரு புள்ளியும் இழக்காத எஃப்எஃப்வி1 மாதிரி கோடெக்கில ஏத்தி வெச்சிட்டு, யூடியூபுக்கும் வாட்ஸப்புக்கும் அதிலிருந்து தனித்தனியா காப்பி எடுக்கணும்.

சிக்கல் என்னன்னா, கடைசிவரை விசிஆர் செஞ்சிட்டிருந்த ஃபுனாய் கம்பெனியும் 2016ல நிறுத்திடுச்சு. இனி பழைய பிளேயர்தான் கதி. கிடைச்சா ஹெட்டைத் துடைங்க, கேசட் மூடியைத் தூக்கி வெள்ளைப் பூஞ்சை இருக்கான்னு பாருங்க. இருந்தா சுத்தம் பண்றவரைக்கும் உள்ள போடாதீங்க, டேப்பே அறுந்துடும்.