வேடம் மாறும் எய்ட்ஸ் கிருமி

1986-ம் ஆண்டு. எய்ட்ஸ் வெளிநாட்டு நோய், நம் ஊருக்கு வராது என்று பலரும் நம்பிய காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்த நிர்மலா என்ற மாணவி, பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னபடி சென்னையில் பாலியல் தொழிலாளிகளின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வீட்டு ஃபிரிட்ஜில் பாதுகாத்து, ரயிலில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டு போனார். 6 மாதிரிகளில் ஹெச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அமெரிக்காவில் நடந்த மறுசோதனையும் அதை உறுதி செய்தது. இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது இப்படித்தான்!

வேலூரில் நடந்த சோதனை, கிருமியை எதிர்த்து உடல் உருவாக்கிய எதிர்ப்புப் பொருளைத்தான் கண்டுபிடித்தது. அதாவது, உடல் எதிரியை அடையாளம் கண்டுவிட்டது. அப்படியும் ஏன் ஜெயிக்க முடியவில்லை?

ஹெச்.ஐ.வி.யின் மரபுச் செய்தி சுமார் 9,700 எழுத்துகள் கொண்டது. அதை நகலெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது. ஒரு நோயாளியின் உடலில் தினமும் கோடிக்கணக்கான புதிய கிருமிகள் பிறக்கின்றன. பிழையான நகல்களில் பல வீணாகும். ஆனால் சில, எதிர்ப்புப் பொருளுக்கு அடையாளம் தெரியாத புது வேடத்தில் வரும். தப்பிப்பவை பெருகும். உடல் புதிய எதிர்ப்புப் பொருளைத் தயாரிப்பதற்குள் வேடம் மீண்டும் மாறிவிடும். மேலே சர்க்கரைப் போர்வை வேறு! போதாததற்கு, நோய் எதிர்ப்புக்குத் தலைமை தாங்கும் சி.டி.4 அணுக்களையே அது அழிக்கிறது. சில அணுக்களுக்குள் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் பதுங்கியும் இருக்கிறது.

1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஏ.இசட்.டி. என்ற முதல் மருந்துக்கும் இதே கதிதான். தனியாகக் கொடுத்தபோது கிருமி அதற்கும் பழகிக்கொண்டது. 1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். மூன்றிலிருந்தும் ஒரே நேரத்தில் தப்பும் பிழை அமைவது மிக அரிது. கிருமி அடங்கியது.

இந்தியாவில் 2004 ஏப்ரல் 1 முதல் இந்தக் கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமானது. முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. 1928-ல் காசநோய்க்காகத் தொடங்கப்பட்ட மருத்துவமனை அது. விழுப்புரம், திண்டிவனத்திலிருந்து சென்னை செல்லும் ரயில் பாதையிலேயே இருக்கிறது. பின்னர் மாவட்ட அளவிலும் சிகிச்சை மையங்கள் வந்தன.

ஆனால் பஸ் செலவுக்கோ, ஊர் பேச்சுக்கோ பயந்து மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டால், அந்த இடைவெளியில் கிருமி மீண்டும் பெருகும், மருந்துக்குத் தப்பும் வேடத்தையும் கண்டுபிடிக்கும். தொடர்ந்து சாப்பிட்டு ரத்தத்தில் கிருமியே தென்படாத நிலையை அடைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் அது பரவாது. நோயாளியை ஒதுக்கி, மருந்துக்குப் போகவே கூச வைக்கும் ஊர், கிருமிக்குத்தான் உதவி செய்கிறது.