திருவுளச்சீட்டும் திருமணமும்

நம் குடும்பங்களிலே பெண்ணுக்கு வரன் பார்க்கையில் மனம் இரண்டுபட்டு நிற்கும் பெரியவர்கள், வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சந்நிதியில் வைத்து, விவரமறியாத ஒரு குழந்தையை அழைத்து ஒன்றை எடுக்கச் சொல்லி, எடுத்ததைத் தெய்வத்தின் உத்தரவாகவே ஏற்றுக்கொள்வதை நாம் அறிவோம். திருவுளச்சீட்டு என்ற அருமையான சொல்லும் நம் மொழியில் இருக்கிறது. ஆனால் ஜெர்மனி தேசத்தில், விக்கிரகம் என்ற பேச்சையே சகியாத புராட்டஸ்டண்டுக் கிறிஸ்தவர்களில் ஒரு சாராரிடையே, எண்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் விவாகங்கள் சீட்டுப் போட்டே நிச்சயிக்கப்பட்டன என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள்.

மொராவியா நாட்டில் மதத்தின்பொருட்டுத் துன்புற்று ஓடிவந்த சில குடும்பங்களுக்கு, சாக்ஸனியைச் சேர்ந்த சின்சென்டார்ஃப் பிரபு தமது பண்ணை நிலத்தில் இடங்கொடுத்தார். 1722 ஜூன் மாதத்தில் கிறிஸ்தியன் தாவீது என்ற தச்சர் அங்கே முதல் மரத்தை வெட்டி வீழ்த்த, எழும்பிய சிற்றூருக்குக் கர்த்தருடைய காவல் என்று பொருள்படும் ஹெர்ன்ஹூட் என்னும் பெயர் வழங்கலாயிற்று. பிரபுவுக்கு அப்போது வயது 22. தாம் மணக்க விரும்பிய உறவுப் பெண்ணைத் தம் நண்பரும் விரும்புகிறார் என்று தெரிந்தபோது, அது தேவசித்தமாக இருக்கலாம் என்று எண்ணி விலகிக்கொண்டவர் அவர். அந்த நண்பரின் சகோதரியாகிய எர்ட்மூத்தையே அவ்வாண்டு செப்டம்பரில் மணந்தார். அவருடைய சபையில் விவாகம் என்பது இருவருடைய ஆசையின் விஷயமாக இல்லாமல் ஆண்டவருடைய ஊழியத்தின் விஷயமாகக் கருதப்பட்டதற்கு, தலைவரின் இந்தச் சொந்த அனுபவமும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

ஊரிலே மணமாகாத ஆடவர் ஒரு விடுதியிலும், மணமாகாத பெண்கள் வேறொரு விடுதியிலுமாக வாழ்ந்து, உழைத்து, வழிபட்டார்கள். பெண்களின் வெள்ளைத் துணிக் குல்லாயைத் தாடைக்குக் கீழே முடிந்திருக்கும் நாடாவின் நிறத்தைக் கொண்டே அவர்களுடைய நிலையை அறியலாம்: கன்னியருக்கு இளஞ்சிவப்பு, மணமானவருக்கு நீலம், விதவைக்கு வெள்ளை. இளஞ்சிவப்பு நீலமாக மாறவேண்டுமானால், விண்ணப்பம் மூப்பர்களிடம் போகவேண்டும். ஒரு சகோதரன் தான் விரும்பும் பெண்ணின் பெயரைச் சொல்லலாம். அல்லது மூப்பர்களே ஒரு பெயரைச் சொல்லலாம். அவர்கள் கூடி ஆலோசித்து, ஜெபம் செய்து, பிறகு சீட்டெடுப்பார்கள். யூதாஸின் ஸ்தானத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொள்ள அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டதே அவர்களுக்கு வேத ஆதாரம்.

சீட்டுகள் மூன்று. ஒன்றில் ஆம் என்றிருக்கும். ஒன்றில் இல்லை என்றிருக்கும். மூன்றாவதில் ஒன்றுமே எழுதியிராது. வெற்றுச் சீட்டு வந்தால், கேள்விக்கு இன்னும் காலம் வரவில்லை, காத்திருக்கவேண்டும் என்று பொருள். நம் பூப் பொட்டலங்களில் இல்லாத இந்த மூன்றாவது சீட்டைத்தான் நான் பெரிதும் மெச்சுகிறேன். ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் கீழ்ப்படிவதைவிட, ஒன்றும் சொல்லாத காகிதத்துக்குக் கீழ்ப்படிவதற்கே அதிக விசுவாசம் வேண்டும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சீட்டு ஆம் என்ற பிறகே பெண்ணிடம் சொல்லப்படும். அப்போதும் மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. சொன்னவர்களும் உண்டு.

இந்த வழக்கத்தின் வாடை வெளியாரையும் தொட்டது. மெதடிஸ்ட் சபையின் ஸ்தாபகராகிய ஜான் வெஸ்லி, அமெரிக்காவில் ஜார்ஜியாவிலிருந்தபோது, ஒரு பெண்ணை மணப்பதா என்று தவித்து, 1737 மார்ச்சில் தாமும் மூன்று சீட்டு எழுதினார்: மணந்துகொள், இவ்வாண்டு நினையாதே, இனி நினையவே நினையாதே. மூன்றாவது வந்தது. தேவசித்தம் நிறைவேறட்டும் என்றார். எட்டே நாளில் அந்தப் பெண் வேறொருவரை மணந்துகொள்ள, பிறகு அவளுக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்து, வழக்கில் சிக்கி, ஆண்டு முடிவதற்குள் ஊரைவிட்டே புறப்பட்டார். கை சீட்டுக்குக் கீழ்ப்படிந்த அளவுக்கு மனம் கீழ்ப்படியவில்லைபோலும்.

மொராவியச் சகோதரர் எனப்படும் இச்சபையார் நம் தமிழ்க் கரைக்கும் வந்தவர்களே. 1760இல் தரங்கம்பாடிக்கு அருகே தோட்டம் ஒன்றை வாங்கிக் குடியேறி, கைத்தொழில்களால் ஜீவனம் செய்துகொண்டு, நிக்கோபார் தீவுகளிலும் ஊழியம் செய்ய முயன்று, பலரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, 1803இல் திரும்பிப் போனார்கள். அப்படிப்பட்ட வாழ்வில், இந்தத் துணையைத் தந்தவர் ஆண்டவர் என்ற எண்ணம் தம்பதிகளுக்கு எத்தனை பெரிய ஊன்றுகோலாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஆயினும் ஊன்றுகோல் பிரம்பாக மாறவும் கூடும். சீட்டை மீறி மணந்தவர்கள் சபையை விட்டு வெளியேறவேண்டியிருந்தது. ஹெர்ன்ஹூட்டில் அது பெருந்தண்டனை. ஆனால் பென்சில்வேனியாவிலுள்ள பெத்லகேம் போன்ற ஊர்களில், வேலிக்கு அப்பாலே விசாலமான பூமி கிடக்கையில், வாலிபர்கள் மணந்துகொண்டு போய்க்கொண்டே இருந்தார்கள். அவர்களைக் கீழ்ப்படியாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனமுவந்து கேட்கும்போதுதான் சீட்டு விடையாகும், மற்றபடி அது காரியாலயத்து உத்தரவே. அமெரிக்கச் சபைகள் முறையிட, 1818இல் கூடிய பொதுச் சங்கம் சாதாரண அங்கத்தினரின் விவாகத்துக்குச் சீட்டு கட்டாயமில்லை என்று தீர்மானித்தது; போதகர்களுக்கும் மிஷனெரிகளுக்கும் மட்டும் அது நீடித்தது.

அவர்களுடைய பழைய கல்லறைத் தோட்டங்களில் கற்கள் எல்லாம் ஒரே அளவாய்த் தரையோடு தரையாகக் கிடக்கின்றன. சீட்டு இணைத்த கணவனும் மனைவியும் அங்கே அருகருகே இல்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். 1889இல் கூடிய பொதுச் சங்கம் சீட்டுமுறையையே சபை நிர்வாகத்திலிருந்து நீக்கிவிட்டது. 1731 முதல் அச்சாகிவரும் தினவசனப் புத்தகத்துக்கு, பழைய ஏற்பாட்டு வசனங்களைத் தெரிந்தெடுக்க மட்டும் ஹெர்ன்ஹூட்டில் ஆண்டுதோறும் இன்றும் சீட்டு எடுக்கிறார்கள்.