கேஷுவல், காம்பெட்டிட்டிவ்

இணையத்தில் அணி சேர்ந்து ஆடுபவர்களை இரண்டாகப் பிரிக்கும் சொற்கள் இவை. 'கேஷுவல்' என்பது விழுதல், தற்செயல் என்று பொருள்படும் 'காசுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'காம்பெட்டிட்டிவ்' சொல்லின் வேர் 'கோம்பெத்தெரே'. அதில் 'கோம்' என்றால் சேர்ந்து, 'பெத்தெரே' என்றால் நாடுதல். அதாவது, பலர் சேர்ந்து ஒன்றை நாடுவது. எதிரியை வீழ்த்துவது என்ற இன்றைய பொருளைவிட இந்தப் பழைய பொருளே அணி ஆட்டத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. 2020-இல் வெளிவந்த வேலரன்ட் என்ற துப்பாக்கி விளையாட்டை எடுத்துக்கொள்வோம். தரவரிசை உள்ள காம்பெட்டிட்டிவ் ஆட்டமானாலும் தரவரிசை இல்லாத கேஷுவல் ஆட்டமானாலும் அணிக்கு ஐந்து பேர்; வழக்கமான இலக்கு 13 சுற்றுகளை வெல்வது. ஒருவர் பாதியில் எழுந்து போனால், எந்த வகையிலும் மீதி நால்வர்தான் திண்டாட வேண்டும்.

பொழுதுபோக்குக்கு ஆடுவதில் எதற்கு இத்தனை கெடுபிடி என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே, தரவரிசை இல்லாத ஆட்டம் இருப்பதே அதற்காகத்தான். அங்கே பழகாத துப்பாக்கியை எடுத்துப் பார்க்கலாம், தாராளமாகத் தோற்கலாம். கூட ஆடுபவர்களைக் கைவிடுவதற்கு மட்டும் அது அனுமதி ஆகாது. தீவிரமாக ஆடுகிறோம் என்று புதியவரை மைக்கில் ஏசுபவரும் இதே தவறைத்தான் செய்கிறார். ஏச்சு வாங்கியவர் அடுத்த சுற்றில் எதிரி நிற்கும் இடத்தைச் சொல்லவே தயங்குவார். அணி ஒரு கண்ணை இழக்கும். ஆட்டத்துக்குள் நுழையும்முன் எந்த வகையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். நுழைந்தபின் முடியும்வரை இருங்கள்.