பிரட்டுத் தப்பும் பிள்ளைகளின் இசைக் கல்வியும்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு குறிப்பு

குழந்தைக்கு எவ்வயதில் இசை கற்பிக்கத் தொடங்கலாம் என்னும் வினா பெரும்பாலும் உளவியல் சார்ந்த ஒன்றாகவே கொள்ளப்படுகின்றது. ஆயின், எந்த இசை, யாருடைய குழந்தைக்கு என்னும் வினாக்களை ஒதுக்கிவிட்டு இதற்கு விடை காண்டல் இயலாது. பதுளை, பசறை, லுணுகலை, தெமோதரைத் தோட்டங்களின் வரலாறு இதனை நன்கு உணர்த்துகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்காகவும், 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தபின் தேயிலைக்காகவும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் தம் கலைகளையும் உடன்கொணர்ந்தனர். அவற்றுள் ஒன்றான தப்புக்குப் பெருந்தோட்டப் பொருளாதாரம் புதியதொரு பணியைத் தந்தது. வைகறையில் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது தப்பொலியே. மாசி மாதக் காமன் கூத்திலும், கோயில் திருவிழாவிலும், இழவு வீட்டிலும் ஒலித்ததும் அதுவே. துரையின் ஆணையையும் தொழிலாளரின் ஆடலையும் ஒரே தோற்கருவி சுமந்தது.

லயத்துக் குழந்தையின் இசைப் பயிற்சி தாலாட்டில் தொடங்கிக் கூத்துக்களத்தில் தொடர்ந்தது. தப்பைத் தீயிற் காய்ச்சிப் பதப்படுத்துவதையும், அடிகளை வாயாற் சொல்லிக் கையால் அடிப்பதையும் சிறுவர் மூத்தோரைப் பார்த்தே பயின்றனர். எனினும் இதனை இலட்சியமயப்படுத்துதல் தவறாகும். தப்படித்தல் ஒரு சாதியினர்மேற் சுமத்தப்பட்ட கடமையாக இருந்தது. தாளத்தைக் கற்ற பிள்ளை அதனுடன் பிணைந்த இழிவையும் கற்க நேர்ந்தது.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்குமாறு தோட்ட நிருவாகத்தைப் பணித்தது. ஆயினும் தோட்டப் பாடசாலைகள் நாட்டின் பொதுக் கல்வி அமைப்புக்கு வெளியிலேயே நெடுங்காலம் கிடந்தன. 1970களின் பிற்பகுதியில் அரசு அவற்றைப் பரவலாகப் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னர், ஆசிரியர் கிடைத்த இடங்களிற் கர்நாடக இசை பாடமாயிற்று. சரளி வரிசை பள்ளிக்குள் நுழைந்தது. தப்பு வாயிலுக்கு வெளியே நின்றது. இதற்கிடையில், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவு செய்த 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், கற்பிப்போரையும் கற்போரையும் கடலின் இருபுறமாகப் பிரித்துவிட்டது. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டப் பாடல்களைத் தொகுத்தமையின் வரலாற்று முக்கியத்துவம் இப்பின்னணியிலேயே விளங்கும்.

ஒப்புநோக்கற்குரிய எடுத்துக்காட்டு ஒன்று ஹங்கேரியில் உண்டு. நகர்ப்புற மேட்டுக்குடியினர் ஜெர்மானிய இசையைப் போற்றிய காலத்தில், சோல்டான் கோடாய், பேலா பார்டோக்குடன் இணைந்து உழவர் பாடல்களைத் திரட்டினார். நாட்டார் பாடலே குழந்தையின் இசைத் தாய்மொழி என்னும் அவரது கருத்தின் வழியில், 1950இல் கெச்கெமேட் நகரில் நாள்தோறும் பாட்டைப் பாடமாகக் கொண்ட தொடக்கப் பள்ளி எழுந்தது. அங்கு நாட்டார் பாடலிலிருந்தே செவ்விசைக்குச் செல்லும் பாதை அமைக்கப்பட்டது.

ஊவாத் தோட்டங்களுக்கும் இப்பாதை பொருந்தும். சரளி வரிசை தோட்டப் பிள்ளைக்கு வேண்டாம் என்பது நம் வாதமன்று. அதனை மறுப்பதும் வேறொரு வகைத் தீண்டாமையே. லயத்திற் கேட்ட பாட்டும் தாளமும் முதற்பாடமாக அமைந்து, பிற இசைகள் அவற்றின்மேல் எழவேண்டும் என்பதே நாம் வலியுறுத்துவது. ஆனால் அதற்கு நிபந்தனை ஒன்றுண்டு. வகுப்பறையில் தப்பு எல்லாச் சாதிப் பிள்ளைகளின் கைகளுக்கும் செல்லவேண்டும். விழா நாளில் தப்பை மேடையேற்றிவிட்டு, இழவு வீட்டுக்கு அதே குடும்பத்தை அழைக்கும் வழக்கம் நீடிக்குமாயின், மாறியது மேடையே அன்றிச் சமூக உறவு அன்று.