கையிலே சவுக்கு, காலிலே விலங்கு

மேடையேறி உரிமை முழக்கம் செய்கிறோம். நம்மை மிதிக்கும் கால் எவருடையது என்பதை நன்கறிவோம். ஆனால், நம் காலடியிலே கிடப்பவர் எவர் என்று குனிந்து பார்த்ததுண்டா, தோழர்களே? பார்த்தனர் இரு பெண்கள், அடிமை வாணிபம் கொழுத்த அமெரிக்க மண்ணிலே!

தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் கிரிம்கே குடும்பம் வாழ்ந்தது. தந்தை நீதிபதி, நீதி வழங்கிய அவரே கறுப்பின மக்கள் பலரை அடிமைகளாக உடைமை கொண்டிருந்தார். மூத்தவள் சாரா 1792-லும், இளையவள் ஏஞ்சலினா 1805-லும் பிறந்தனர்.

சாராவுக்குச் சட்டம் பயில ஆவல். அண்ணன் யேல் கல்லூரிக்குச் சென்றான். தங்கைக்கோ இலத்தீன் மொழி கற்கவும் தடை. அறிவிலே குறையா? இல்லை. பெண்ணாய்ப் பிறந்ததே குறை!

அந்தச் சாரா ஓர் இரவுப் பள்ளி நடத்தினார். விளக்கை அணைத்து, சாவித் துளையை மறைத்து, கணப்பின் ஒளியிலே தம் பணிப்பெண்ணான அடிமைச் சிறுமிக்கு எழுத்தறிவித்தார். அடிமைக்கு எழுதக் கற்பிப்பது குற்றமென 1740-லேயே சட்டம் செய்த மாநிலம் அது. செய்தி வெளிப்பட்டது. சாராவுக்குக் கிடைத்தது தந்தையின் கடிந்துரை. அச்சிறுமியோ சவுக்கடிக்குத் தப்பியதே பெரிது.

செயல் ஒன்று, அறை ஒன்று, கற்றவளும் பெண், கற்பித்தவளும் பெண். தண்டனை மட்டும் ஏன் இரண்டாயிற்று? தோலின் நிறம்! கல்வி மறுக்கப்பட்ட அதே சாரா, வெள்ளைத் தோலினாலே காக்கப்பட்டார். ஒரே உயிரில் விலங்கும் உண்டு, சவுக்கும் உண்டு என்னும் உண்மை அங்கே வெட்டவெளிச்சமாயிற்று.

சகோதரியர் இருவரும் வடக்கே பிலடெல்பியா சென்றனர். அடிமை முறையை எதிர்த்து ஏஞ்சலினா 1836-ல் நூல் வெளியிட்டார். ஊர் ஊராய்ப் பேசினார். பெண் பொதுமேடை ஏறுவதா என்று மாசசூசெட்ஸ் பாதிரிமார் 1837-ல் கண்டன மடல் விடுத்தனர். பாதிரிமார் சீறியதிலே வியப்பில்லை. அடிமை ஒழிப்புத் தோழர்களிலேயே சிலர், "முதலில் அடிமை விடுதலை, பெண்ணுரிமை பிறகு" என்றனரே, அதுதான் வியப்பு! சாரா பணியவில்லை, 1838-ல் ஆண் பெண் சமத்துவம் பற்றிய கடிதங்களை நூலாக்கினார்.

அன்பை ஓதிய குவேக்கர் சபையிலே கறுப்பினத்தவர்க்குத் தனிப் பலகை இருந்தது. சகோதரியர் அப்பலகையிலே சென்று, கறுப்பினத் தோழியருடன் அமர்ந்தனர். பேச்சு செயலாயிற்று.

பெருஞ்சோதனை 1868-ல் வந்தது. கிரிம்கே என்னும் பெயருடைய கறுப்பின மாணவர் ஒருவரைப் பற்றி ஏஞ்சலினா செய்தித்தாளிலே படித்தார். யார் அவர்? தம் உடன்பிறந்தான் ஹென்றிக்கும் அடிமைப் பெண்ணான நான்சி வெஸ்டனுக்கும் பிறந்த மகன்! குடும்ப மானம் என்று மூடி மறைத்தாரா? இல்லை, மருமகன் என ஊரறிய ஏற்றார். அம்மக்களின் கல்விக்குச் சகோதரியர் துணை நின்றனர். ஆர்ச்சிபால்டு வழக்கறிஞரானார், பிரான்சிஸ் சமயப் பணியாளரானார்.

சாரா 1873-ல் மறைந்தார். அதே ஆண்டிலேதான் ஜோதிராவ் பூலே 'குலாம்கிரி' என்னும் நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அங்கே நிறம், இங்கே சாதி. நோய் ஒன்றெனக் கண்டார் அந்த மராட்டியப் பெரியார்.

இனி நம் கதை. பட்டம் பெற்றோம், பள்ளியிலே சமத்துவம் போதிக்கிறோம். நாம் கல்லூரிக்குச் சென்ற நாளிலே, நம்மினும் கூர்மதி படைத்த தமக்கை அடுக்களையிலே அடைபட்டார். அதைக் கொடுமையென்று அன்று நாம் எண்ணவில்லை, இயற்கையென்று எண்ணினோம். பிறப்பால் வரும் சலுகையின் இயல்பே அதுதான். அனுபவிப்பவன் கண்ணுக்கு அது தென்படாது.

ஆதிக்கம் ஒழிக என்கிறோம். முழக்கத்தை நம் வீட்டு வாசலிலே தொடங்குவோம்!